சோப்பைத் துருவும் முன் தண்ணீரைப் பாருங்கள்

வாசகி கேள்வி: மண்டபத்துக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர் எங்களுடையது. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், நான் என்று ஐந்து பேர் துணி. சலவைத்தூள் வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை. வீடியோவில் சொன்னபடி ஒரு பார் சோப்பைத் துருவி, ஒரு கப் சோடா, ஒரு கப் வெண்காரம் கலந்து வைத்து மூன்று மாதமாகத் துவைக்கிறேன். வாளிக்கு இரண்டு கரண்டி போடுகிறேன். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை சாம்பல் பூத்துவிட்டது. துண்டு ஈரத்தை உறிஞ்ச மாட்டேன் என்கிறது. வாளி ஓரத்தில் திரிந்த பால் மாதிரி ஒட்டுகிறது. மீன் வாடை முன்னைவிட அதிகம். கையும் எரிகிறது. துவைப்பது போர்த் தண்ணீரில்தான். நான் எங்கே தப்பு செய்தேன்? பூந்திக்கொட்டைக்கு மாறலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. அந்தச் செய்முறை நல்ல தண்ணீர் ஓடும் ஊருக்கு எழுதப்பட்டது. உங்கள் கிணற்றுக்கு அது ஒத்துவராது.

வாளி ஓரத்தில் ஒட்டும் திரிந்த பாலை விரலால் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மெழுகு மாதிரி வழுக்கும், தண்ணீரில் கரையாது. அதுதான் நீங்கள் துருவிப் போட்ட சோப்பு. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிட்டன. துணி சாம்பல் பூப்பதும், துண்டு ஈரத்தை உறிஞ்சாததும், மீன் வாடை நூலிலேயே தங்குவதும் எல்லாம் இந்தக் கசடு நூலில் படிவதால் வருபவை.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரின் கடினத்தன்மையை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200; வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது விதி. உங்கள் போர் 600இல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் 3.6 கிராம் சோப்பைக் கசடாக்கும். 15 லிட்டர் வாளிக்கு ஏறத்தாழ 55 கிராம். நீங்கள் போடும் இரண்டு கரண்டிக் கலவையில் சோப்பு இருப்பது 10, 12 கிராம்தான். அழுக்கைத் தொடுவதற்குள் அது தீர்ந்துபோகிறது. கடலோரக் கிணறுகள் பல 600ஐ எளிதில் தாண்டும். கடல் நீரின் கடினத்தன்மை 6,000க்கும் மேல் என்பதால் கொஞ்சம் கடல் நீர் உள்ளே கசிந்தாலே போதும்.

முதலில் உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள். மழைத்தண்ணீரோ, காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் நல்ல தண்ணீரோ அரை லிட்டர் எடுத்து, 5 கிராம் குளியல் சோப்பைச் சீவிப் போட்டு, இளஞ்சூட்டில் கரைத்து ஆறவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் கால் லிட்டர் போர்த் தண்ணீர் ஊற்றுங்கள். சோப்புக் கரைசலை ஒரு தேக்கரண்டி (5 மில்லி) விட்டு மூடிக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தண்ணீர் மட்டும் பால் போல் கலங்கும். அடுத்த தேக்கரண்டி விட்டுக் குலுக்குங்கள். மேலே விரல் கனத்துக்கு நுரை எழுந்து ஐந்து நிமிடம் அப்படியே நிற்கும் வரை எண்ணிக்கொண்டே போங்கள். ஒரு தேக்கரண்டிக்கு 25 முதல் 30 வரை கடினத்தன்மை என்பது சுமாரான கணக்கு. ஐந்தாறு தேக்கரண்டியில் நுரை நின்றால் சோப்பு வைத்தே சமாளிக்கலாம். இருபதைத் தாண்டினால் அந்தத் தண்ணீருக்குச் சோப்புத் தூள் ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க மழைத்தண்ணீரிலும் ஒரு முறை செய்யுங்கள். முதல் தேக்கரண்டியிலேயே பொங்கி நிற்கும்.

சோடா போட்டால் தண்ணீர் மென்மையாகுமே என்று கேட்பீர்கள். ஆகும், பாதி வரை. சோடா கால்சியத்தைச் சுண்ணாம்பாக அடியில் படிய வைக்கும். ஆனால் சோப்பும் சோடாவும் ஒன்றாக விழும்போது கால்சியம் சோப்பைத்தான் முதலில் பிடிக்கிறது. அதனால் சோடாவை முன்கூட்டியே தனியாகப் போட வேண்டும். 15 லிட்டர் போர்த் தண்ணீருக்கு 10 கிராம் சோடா ஆஷ் (தூளாக வரும் சலவைச் சோடா) கரைத்து, இரவு முழுக்க அசையாமல் வைத்து, காலையில் மேலே தெளிந்த 12 லிட்டரை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுங்கள். அதில் பாட்டில் சோதனையை மறுபடி செய்யுங்கள். தேக்கரண்டிக் கணக்கு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் உங்கள் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் கால்சியம். தினமும் இதையே செய்யலாம். அவ்வளவாக இறங்கவில்லை என்றால் இருப்பது பெரும்பாலும் மெக்னீசியம். கடல் நீரில் கால்சியத்தைவிட மெக்னீசியம் எடையில் மூன்று மடங்கு அதிகம். அது சோடாவுக்கு எளிதில் படியாது. கடல் கசிந்த கிணற்றில் சோடாவைக் கூட்டிக்கொண்டே போவது வீண் செலவு. உங்கள் கை எரிவதற்கும் அநேகமாக அந்தச் சோடாதான் காரணம்.

நீங்கள் வாங்கியது எந்தச் சோடா என்பதையும் பாருங்கள். மளிகைக் கடையில் வெறுமனே ‘சோடா’ என்று கேட்டால் ஆப்பச் சோடாவைக் கொடுத்துவிடுவார்கள். அது துணிக்கு அனேகமாக ஒன்றும் செய்யாது. சலவைக்கு வேண்டியது சோடா ஆஷ், அல்லது கட்டியாக வரும் சலவைச் சோடா. கட்டிச் சோடாவின் எடையில் 63 சதவீதம் வெறும் தண்ணீர்; 100 கிராம் சோடா ஆஷ் செய்யும் வேலைக்குக் கட்டிச் சோடா 270 கிராம் வேண்டும். விலை கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும். அடையாளம் தெரிந்துகொள்ள மஞ்சள் போதும். மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி உலர்த்துங்கள். சோடாவை நல்ல தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு வையுங்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மாதிரி உடனே செக்கச்சிவப்பானால் சோடா ஆஷ். லேசான ஆரஞ்சோடு நின்றால் ஆப்பச் சோடா. இந்த மஞ்சள் தாளைப் பத்திரமாக வையுங்கள், கீழே இன்னொரு வேலை இருக்கிறது.

வெண்காரத்தை விட்டுவிடுங்கள். இந்தத் தண்ணீரில் அதனால் பெரிய பயன் இல்லை; பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திறந்த டப்பாவில் வைக்கும் பொருளும் இல்லை. வினிகரையும் சோடாவையும் சேர்த்துப் பொங்க வைக்கும் செய்முறையையும் விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அணைத்துவிடும், மிஞ்சுவது ஒரு வகை உப்புத் தண்ணீர்தான்.

உங்கள் ஊருக்கு ஏற்றது சோப்பு இல்லாத திரவம். கடையில் விற்கும் சலவைத்தூள், சலவைத் திரவம் பலவற்றிலும் இருக்கும் அடிப்படைப் பொருட்களை வைத்தே வீட்டில் செய்யலாம். ஆசிட் ஸ்லரி என்று கேட்டால் கெமிக்கல் கடையில் கொடுப்பார்கள். பழுப்பாக, கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக இருக்கும். கூடவே எஸ்.எல்.இ.எஸ். என்ற வெள்ளைப் பசை (70 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்). ஸ்லரி மட்டும் போட்டால் கடினத் தண்ணீரில் கொஞ்சம் கலங்கி வீணாகும். எஸ்.எல்.இ.எஸ். கூட இருந்தால் அதையும் காப்பாற்றும். அதனால்தான் இரண்டையும் சரிக்குச் சரி சொல்கிறேன்.

5 லிட்டருக்கு: ஆசிட் ஸ்லரி 350 கிராம், எஸ்.எல்.இ.எஸ். 350 கிராம், சோடா ஆஷ் 100 கிராம் (தனியாக இன்னும் 20 கிராம் கையிருப்பு), கல் உப்பு அதிகபட்சம் 50 கிராம், கொதித்து ஆறிய நல்ல தண்ணீர் ஏறத்தாழ 4 லிட்டர். நிறமும் வாசனையும் உங்கள் விருப்பம். துணி வெளுக்க அவை தேவையில்லை.

செய்யும் தண்ணீர் கண்டிப்பாக நல்ல தண்ணீராக இருக்கட்டும். துவைக்க எது இருந்தாலும் சரி, செய்ய நாலு லிட்டர் மட்டும் குடத்திலிருந்து எடுங்கள்.

முதல் நாள் இரவே எஸ்.எல்.இ.எஸ். பசையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். கட்டி கட்டியாக நிற்கிறதே என்று மத்தால் கடையாதீர்கள். நுரை ஏறிவிட்டால் அடங்க நாளாகும். காலைக்குள் தானே இளகிவிடும், ஒரு குச்சியால் மெதுவாகச் சுற்றினால் போதும்.

மறுநாள் வீட்டுக்கு வெளியே, காற்று வரும் இடத்தில் உட்காருங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் ஸ்லரியைத் தொடவே கூடாது. அது அமிலம், தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் ஆபத்து. பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாத்திரம் பிளாஸ்டிக் வாளியாக இருக்கட்டும். அலுமினியத்தையும் இரும்பையும் அமிலம் அரித்துவிடும். அலுமினியத்துக்குச் சோடாவும் ஆகாது.

15 லிட்டர் வாளியில் 2 லிட்டர் தண்ணீர் விட்டு 100 கிராம் சோடா ஆஷை முழுக்கக் கரையுங்கள். ஸ்லரியை நூல் மாதிரி மெல்லிய தாரையாக, மரக்கட்டையால் கலக்கிக்கொண்டே விடுங்கள். ஆரம்பத்தில் அமைதியாக இருக்கும். கடைசிப் பகுதி போகும்போது குபுகுபுவென்று பொங்கும். ஐந்து லிட்டருக்கு இவ்வளவு பெரிய வாளி எதற்கு என்பது அப்போது தெரியும். பொங்கினால் ஊற்றுவதை நிறுத்துங்கள், அடங்கிய பிறகு தொடருங்கள். முழுவதும் விட்டு முடித்ததும் அரைமணி நேரம் ஆறவிட்டு, மஞ்சள் தாளில் ஒரு சொட்டு வையுங்கள். மஞ்சள் மாறவே இல்லை என்றால் அமிலம் மிச்சம் இருக்கலாம். கையிருப்புச் சோடாவை ஐந்தைந்து கிராமாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். லேசாக ஆரஞ்சு ஓடினால் சரியான பதம். நன்றாகச் சிவந்தால் சோடா கூடிவிட்டது. துளித்துளியாக ஸ்லரி விட்டுச் சரிசெய்யுங்கள். இந்தச் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். அமிலம் மிஞ்சிய திரவம் கையையும் பருத்தி நூலையும் சேர்த்துக் கெடுக்கும்.

இப்போது இளகிய எஸ்.எல்.இ.எஸ்.ஸை இதில் ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். நிறமும் வாசனையும் சேர்ப்பதானால் இப்போது சேருங்கள். பிறகு நல்ல தண்ணீர் விட்டு 5 லிட்டராக்குங்கள். கடைசியில் உப்பு. உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு தேக்கரண்டி விடுங்கள், கலக்குங்கள், பத்து நிமிடம் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகும். வேண்டிய பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கெட்டியாகட்டும் என்று மேலும் போட்டால் ஒரு கட்டத்தில் திடீரென்று தண்ணீராக இளகிவிடும், பிறகு மேலும் கீழுமாகப் பிரியும். போர்த் தண்ணீரில் செய்கிறவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே நடக்கலாம், ஏனென்றால் உப்பு ஏற்கெனவே தண்ணீருக்குள் இருக்கிறது. கெட்டியாக இருந்தால்தான் சக்தி என்பது தவறான எண்ணம். உப்பே போடாத நீர்த்த திரவமும் அதே அளவுக்கு வெளுக்கும்.

கெடாமல் இருக்கச் சோடியம் பென்சோயேட் சேர்க்கச் சொல்வார்கள். அது புளிப்பான பொருளில்தான் வேலை செய்யும்; இந்தத் திரவத்தில் பயன் இல்லை. ஆறேழு வாரத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். அகலவாய் டப்பாவில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மீதி ஸ்லரியையும் அப்படியே.

15 லிட்டர் வாளிக்கு 40 மில்லி. அளக்க மருந்து பாட்டில் மூடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் திறக்கும் மிஷின் என்றால் 20 மில்லி, நுரை அதிகமானால் இன்னும் குறையுங்கள். இந்தக் கணக்கில் 5 லிட்டர் 125 வாளிக்கு வரும். பொருட்களின் விலையைக் கூட்டி 125ஆல் வகுங்கள். அதுதான் ஒரு வாளிச் செலவு. கடைத்தூளுக்கும் அப்படியே போடுங்கள். ஆனால் நீங்கள் அள்ளிப் போடும் ஒரு கைப்பிடி எத்தனை கிராம் என்று தராசில் நிறுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட அளவைவிட அது அதிகமாக இருந்தால், அதைக் குறைத்தாலே நல்ல மிச்சம் கிடைக்கும். ஸ்லரி சில்லறையாக வாங்கினால் விலை கூடும். நாலு வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால்தான் இந்த வேலை லாபம். ஐந்து பேர் துணிக்கு இது கட்டும். ஒருவர், இருவர் உள்ள வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் கடையில் வாங்கி அளந்து போடுவதே மேல்.

கெட்டுப்போன துணியைப் பார்ப்போம். பழைய கசடு போகாமல் புதிய திரவத்தில் துவைத்தாலும் சாம்பல் நிறம் போகாது. 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, வெள்ளைத் துணியையும் துண்டுகளையும் அரைமணி ஊறவையுங்கள். அமிலம் கசடைக் கொழுப்பாகவும் கால்சியமாகவும் பிரித்துவிடும். நன்றாக அலசிவிட்டு, கை பொறுக்காத சூட்டில் நல்ல தண்ணீர், 60 மில்லி திரவம், 15 கிராம் சோடா ஆஷ் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கசக்குங்கள். பிரிந்த கொழுப்பு அப்போதுதான் வெளியேறும். தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் சரியாகப் போகிறது என்று பொருள். இரண்டு, மூன்று முறை வேண்டியிருக்கும். சாயத் துணியை ஓரத்தில் சோதித்துவிட்டு இறக்குங்கள். பட்டும் கம்பளியும் இதற்குக் கூடாது. கிணற்றுக்குப் போட வாங்கிய பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருக்கும். எலுமிச்சை உப்போடோ வினிகரோடோ அது ஒரு துளிகூடச் சேரக்கூடாது. சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

படகுத் துணிக்கு வேறு வரிசை. கசடோடு, நீங்கள் நேராகச் சோடாக் கலவையில் போட்டதாலும் வாடை கூடியது. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத் தன்மை கொண்டது. சோடா பட்டால் இன்னும் வேகமாக ஆவியாகி மூக்கில் ஏறும், புளிப்பு பட்டால் அடங்கிவிடும். மீன் கழுவிய கையை எலுமிச்சையால் தேய்ப்பது இதற்குத்தான். கைலியும் சட்டையும் வந்ததும் முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். உப்பும் ரத்தமும் செதிலும் போகட்டும். சூடான தண்ணீர் கூடாது, ரத்தம் நூலோடு இறுகிவிடும். அடுத்து 10 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் எலுமிச்சை உப்போ 200 மில்லி வினிகரோ விட்டு இருபது நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அதன் பிறகுதான் திரவம். டீசல், கிரீஸ் கறை இருந்தால் துணி நனைவதற்கு முன்பே, காய்ந்த கறை மேல் திரவத்தை நேராக விட்டுத் தேய்த்துக் கால் மணி வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு எண்ணெய்க்குள் திரவம் போகாது. டீசலில் நனைந்த துணியை மிஷினில் போடாதீர்கள்.

கடைசி அலசலில்தான் கடலோரத்துத் துணியின் கதி இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்த துணியில் மெக்னீசியம் உப்பு தங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மத்தியானம் மொடமொடவென்று காய்ந்த சட்டை சாயங்காலம் கடல்காற்றில் பிசுபிசுப்பது அதனால்தான். அந்த ஈரத்தில்தான் முடை நாற்றம் வளர்கிறது. இரண்டு அலசல் போரில் போகட்டும். மூன்றாவதுக்கு மட்டும் அரைக்குடம் நல்ல தண்ணீர். குடிக்கிற தண்ணீரில் துணியா என்று மாமியார் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதனால் அந்த அரைக்குடத்தைக் கொட்டாதீர்கள். வெள்ளைத் துணியை முதலில் அலசி, அதே தண்ணீரில் சாயத் துணி, பிறகு அதுவே அடுத்த ஈட்டுக்கு ஊறவைக்கும் தண்ணீர்.

ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீரைப் பிடித்தால் சில மாதத்துக்கு இந்தக் கவலை இருக்காது. 30 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,500 லிட்டர் விழும். கடலோரக் கூரையில் உப்புப் படிந்திருக்கும், அதனால் முதல் மழையை ஓடவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

பூந்திக்கொட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதன் நுரை உப்புத் தண்ணீரில் கசடாகாது என்பது உண்மை. ஆனால் டீசலுக்கும் மீன் கொழுப்புக்கும் அதன் பலம் போதாது, வெள்ளையில் பழுப்பும் ஏறும். பட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டையை நீக்கிய பத்துப் பன்னிரண்டு தோலை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இரவு ஊறவைத்துக் காலையில் பிசைந்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீர் இரண்டு நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பட்டுத் துணியை அதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள்.